24-க்கு எழுதிய கணக்கில் 240 கறிச் சோமாசி: சாட்ஸ்வொர்த் வீட்டுச் சமையலறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

டர்பன் நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது சாட்ஸ்வொர்த். அங்கே ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளுமாகச் சேர்ந்து ஆர்டருக்குக் கறிச் சோமாசி செய்து கொடுத்து வந்தார்கள். தீபாவளிக்குப் போடுகிற சோமாசியின் அதே பிறை வடிவம், அதே ஓர மடிப்பு. தேங்காய்ப் பூரணத்துக்குப் பதில் உள்ளே ஆட்டு மின்ஸ், அதாவது அரைத்த கறி. கேப் டவுன் மலாய்க் குடும்பங்கள் இதையொத்த ஒன்றை ஹாஃப்மூன் என்பார்கள். டர்பனில் சமூசாவுக்கு இருக்கும் பேர் இதற்கு இல்லைதான். ஆனாலும் சமூசா இதழைத் தேய்த்து, கல்லில் வாட்டி, பிரித்து, நாடாவாக வெட்டி மடிக்கிற நேரத்தில் பாதிகூட இதற்கு ஆகாது. அதனால் வீட்டில் செய்பவர்கள் இதை இன்னும் விடவில்லை.

நடந்தது 2023 நவம்பரில். தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங் (பகுதி பகுதியாக முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) மிகக் கடுமையாக இருந்த ஆண்டு அது. புரட்டாசி விரதம், தீபாவளி, அதை ஒட்டிக் கந்த சஷ்டி எல்லாம் முடிந்த பிறகுதான் அங்கே தமிழ் வீடுகளில் கறி ஆர்டர்கள் குவியும். இந்த வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்தது. 21-ஆம் பிறந்தநாள் விருந்து, சனிக்கிழமை பிற்பகல் 3 மணி, 240 சோமாசி. அதற்கு முன் அவர்கள் ஒரே நாளில் செய்த அதிகபட்சம் 48.

வீடு 1960-களில் நகராட்சி கட்டிய கவுன்சில் வீடு. சமையலறையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் திரும்பினால் தோள் இடிக்கும். 9 கிலோ சிலிண்டரோடு இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, மேலே ஃப்ரீசர் வைத்த ஒரே ஃபிரிட்ஜ், 32 செ.மீ. அகலத்தில் ஒரு பெரிய பாத்திரம். மாமியாருக்கு இந்தப் பலகாரத்தில் 30 ஆண்டுக் கைப்பழக்கம். மருமகளுக்கு எதையும் எழுதி வைக்கும் பழக்கம். கறியில் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்றும் அவரிடம் இருந்தது. இந்த ஆய்வில் வரும் நேரங்களும் எடைகளும் வெப்பநிலைகளும் அவருடைய நோட்டில் இருந்தவை.

24-க்கான அளவும் முறையும்

கோளாறு எங்கே புகுந்தது என்று தெரிய வேண்டுமானால், கோளாறில்லாமல் ஓடிய அளவை முதலில் பார்க்க வேண்டும். இந்த அளவில் தப்பு ஒன்றும் இல்லை. இன்றும் 24 செய்ய நினைப்பவர்கள் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

மேல்மாவுக்கு 300 கிராம் கேக் ஃப்ளவர் (அங்கே கடைகளில் கிடைக்கிற, நம் மைதாவுக்கு நெருங்கிய மாவு), 4 கிராம் உப்பு, 75 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 1 தேக்கரண்டி வினிகர், 110 முதல் 120 மில்லி ஐஸ் தண்ணீர். வெண்ணெயை விரல் நுனியால் மாவில் தேய்த்து, ரவை போல உதிரும் பதம் வந்ததும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சேர்க்க வேண்டும். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசையக் கூடாது. ஒன்றுகூடினால் போதும். பிறகு மூடி, ஃபிரிட்ஜில் 30 நிமிடம். ஏறக்குறைய 500 கிராம் மாவு வரும். 20 கிராம் உருண்டையாகப் பிரித்து, 10 செ.மீ. அகலம், 2 மி.மீ. கனத்துக்குத் தேய்க்க வேண்டும்.

பூரணத்துக்கு 500 கிராம் ஆட்டு மின்ஸ். அங்கே மட்டன் என்றால் செம்மறிதான். தோள்கறியை இரண்டு முறை அரைத்துத் தரச் சொல்ல வேண்டும். பொடியாக நறுக்கிய வெங்காயம் 200 கிராம், இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் 2, டர்பன் மசாலா ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால், சோம்புத்தூள் அரை, ஒரு பட்டை, ஒரு இணுக்குக் கறிவேப்பிலை, உப்பு 1 தேக்கரண்டி. இறக்கிய பிறகு ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் கொஞ்சம் புதினாவும்.

28 செ.மீ. வாணலியில் இதைப் பரப்பினால் கறியும் வெங்காயமும் சேர்ந்து 1 செ.மீ. உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும். பெரிய தீயில் வைத்ததும் கறி நீர் விடும், விட்ட நீர் உடனே ஆவியாகும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கொதிக்கிற சத்தம் அடங்கி, வறுபடுகிற சத்தம் கேட்கும். கரண்டியால் கறியை ஒதுக்கினால் அடியில் நீர் ஓடி வந்து சேரக் கூடாது, கொழுப்பு மட்டும் மினுங்க வேண்டும். அந்தக் கொழுப்பையும் சாய்த்து வடித்துவிட வேண்டும். செம்மறிக் கொழுப்பு ஆறியதும் உறைந்து, வாயில் மெழுகு போல ஒட்டும். கடைசியில் 440 கிராம் அளவுக்குப் பூரணம் நிற்கும், ஒன்றுக்கு 18 கிராம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல்: எல்லாவற்றையும் பத்தால் பெருக்கியது

சனிக்கிழமை காலையில் நேரம் போதாது என்று, வெள்ளிக்கிழமையே மாவும் பூரணமும் தயார் செய்ய முடிவானது. அந்த யோசனை சரியானதே. 3 கிலோ மாவு, 750 கிராம் வெண்ணெய், 5 கிலோ மின்ஸ், 2 கிலோ வெங்காயம், கொத்தமல்லி பத்துக் கட்டு. கொத்தமல்லியும் வெங்காயத்தாளும் அன்று காலை சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கியவை, கழுவி ஈரத்தோடு வைத்திருந்தார்கள்.

மாலை 4 மணிக்கு மின்ஸ் முழுவதும் அந்த ஒரே 32 செ.மீ. பாத்திரத்தில் ஏறியது. வாணலியைவிடப் பாத்திரத்தின் பரப்பு மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். உள்ளே இருந்ததோ பத்து மடங்கு. கறி 8 செ.மீ.க்கு மேல் ஆழத்தில் நின்றது. அடியில் விட்ட நீர் மேலே வந்து ஆவியாக வழியில்லை. கறி தன் நீரிலேயே வெந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்தும் கொதிக்கிற சத்தமே கேட்டது, வறுபடுகிற சத்தம் வரவே இல்லை. 6.40-க்கு அடுப்பை அணைத்து, ஈரக் கொத்தமல்லியையும் வெங்காயத்தாளையும் கொட்டிக் கிளறி மூடினார்கள். நிறுத்துப் பார்த்தபோது பூரணம் 5.4 கிலோ. 24-க்கான கணக்குப்படி 4.4 கிலோதான் இருந்திருக்க வேண்டும். கூடுதலாக இருந்த 1 கிலோவும் தண்ணீர். ஒரு சோமாசிக்கு 4 கிராம் என்று அது பிரியும்.

நாலு கிராம் என்பது ஒரு தேக்கரண்டி நீர்கூட இல்லை. ஆனால் ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1.7 லிட்டர் இடம் கேட்கும். மூடிய சோமாசிக்குள் அந்த ஆவிக்குப் போக்கிடம் கிடையாது. ஓரத்தைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும்.

மாவிலும் இதே பெருக்கல். 3 கிலோவை ஒரே அகலச் சட்டியில் போட்டு 1.2 லிட்டர் தண்ணீரையும் மொத்தமாக ஊற்றிவிட்டார்கள். அத்தனை மாவு ஒன்றுசேரும்வரை இருபது நிமிடம் கையால் பிசைய வேண்டியிருந்தது. சமையலறை அப்போது 29 டிகிரி. வெண்ணெய் உருகி மாவில் கலந்தது, மேற்பரப்பு எண்ணெய்ப் பசையோடு மினுங்கியது. ஃபிரிட்ஜில் இடம் இல்லாததால் ஈரத்துணி போட்டு மேசை மேல் வைத்தார்கள்.

இரவு 7 மணி: ஒத்திகை

பூரணத்தில் கொஞ்சத்தைத் தட்டில் எடுத்து, சூடு முழுதாக ஆறாத நிலையில் 20 சோமாசி செய்து பார்த்தார்கள். ஒத்திகை பார்த்தது நல்ல வழக்கம். இல்லாவிட்டால் மறுநாள் 240-லும் இதே கதி ஆகியிருக்கும்.

பார்த்தவை இவை. தேய்த்த வட்டம் கையை எடுத்ததும் 10 செ.மீ.யிலிருந்து எட்டரைக்குச் சுருங்கியது. மாவு அதிகம் பிசைபட்டு இழுவை ஏறியதே காரணம். சுருங்கியதை மறுபடி தேய்க்கப் போய் ஓரம் காகிதமாக மெலிந்தது. மூடிய பிறகும் மாவு சுருங்கப் பார்த்ததால் ஓரத்தை அதுவே இழுத்துத் திறந்தது.

3 லிட்டர் சூரியகாந்தி எண்ணெயில் 20-ஐயும் ஒன்றாகப் போட்டதும் 172 டிகிரி சூடு 138-க்கு இறங்கியது. அந்தச் சூட்டில் மேல்மாவு இறுகுவதற்குள் எண்ணெய் குடிக்கும். 7 சோமாசி வாய் பிளந்தன. அவற்றிலிருந்து ஒழுகிய நீரும் மசாலாவும் எண்ணெயை நுரைக்க வைத்து, மீதி 13-லும் கரும்புள்ளியாக ஒட்டின. பிளக்காதவற்றிலும் அடிப்பக்கம் வேகாத மாவாக இருந்தது. பொன்னிறம் வந்தவற்றைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடியதால், அரைமணியில் அவையும் நமுத்துப் போயின.

ஓர் இடத்தைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. பிளந்த ஏழில் ஐந்து, வளைவின் வலது முனைக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில் பிளந்திருந்தன. மருமகள் தன் கையைப் பார்த்தார். பூரணத்தைக் கரண்டியால் வைத்து, சிந்தியதை வலது பெருவிரலால் உள்ளே தள்ளி, அதே விரலால் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தார். விரல் நுனியில் கறிக் கொழுப்பு. அது பட்ட இடத்தில் மாவு மாவோடு ஒட்டாது, எத்தனை தண்ணீர் தொட்டு அழுத்தினாலும் ஒட்டாது. சோமாசிக் கரண்டியால் ஓரத்தை வெட்டும்போது பல்வரிசை அழகாக விழுந்துவிடுவதால் ஒட்டியது போலத் தோன்றும். அந்தக் கரண்டி வெட்டும், ஒட்டாது. ஒட்டுவது அதற்கு முன் விரலின் வேலை.

8 மணிக்கு லோட்ஷெடிங். மின்சாரம் திரும்பியபோது 10.30. பூரணம் அதே பாத்திரத்தில், மூடியோடு, அடுப்பு மேலேயே இருந்தது. 10.40-க்கு நடுவில் குத்திப் பார்த்தால் 46 டிகிரி. பாத்திரத்தை அப்படியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஏற்றிவிட்டுப் படுத்தார்கள். மாவும் உள்ளே போனது.

சனிக்கிழமை காலை 5.30: கொட்டுவதா, வைப்பதா

காலையில் பாத்திரத்தின் நடுவில் 17 டிகிரி. ஓரத்தில் தொட்டால் சில்லென்றிருந்தது. நடுவில் இரவு முழுக்க வைத்தும் சூடு போதிய அளவு இறங்கவில்லை.

சமைத்த கறியை ஆறவைக்க உணவுத் தொழிலில் பரவலாகப் பின்பற்றும் விதி ஒன்று உண்டு: ஏறக்குறைய 57 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். இந்தப் பாத்திரம் இரண்டு கட்டத்திலும் தோற்றது.

மாமியார் ஒப்பவில்லை. "வாசம் மாறல, நிறம் மாறல. இதைப் போய் யாராவது கொட்டுவாங்களாம்மா?" என்றார். அவர் சொன்னதில் அனுபவம் இருந்தது. 500 கிராம் கறியை இரவில் மூடி வைத்துக் காலையில் எடுத்தவர் அவர், அதில் கெடுதல் வந்ததும் இல்லை. ஆனால் அந்தச் சின்ன அளவு, மேசை மேலேயே அரைமணியில் ஆறிவிடக்கூடியது. 5 கிலோ அப்படி ஆறாது.

மருமகள் சொன்ன காரணம் இது. கறியைச் சமைத்தாலும் சாகாத வித்துகளைக் கொண்ட கிருமி வகைகள் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜன்ஸ் அதில் ஒன்று. அதற்கு மிகவும் பிடித்தது 43 முதல் 46 டிகிரி வரையான சூடும், காற்றுப் புகாத ஆழமான கறியும். அந்த நிலையில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும். வாசமோ நிறமோ காட்டிக்கொடுக்காது. சாப்பிட்டவர்களுக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வரும்.

"எண்ணெயில பொரிக்கிறோமே, அதுல சாகாதா?" என்று மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. நன்றாகச் சூடேறினால் அந்தக் கிருமி சாகும். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை பல கைகள் அந்தப் பாத்திரத்துக்குள் போய் வந்திருந்தன. கையிலிருந்து வரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கிவிட்டால், பிறகு எவ்வளவு பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. கிருமி செத்தாலும் நஞ்சு இருக்கும்.

மருமகள் இன்னொன்றையும் நினைவூட்டினார். 2017-18-இல் நாட்டை உலுக்கிய லிஸ்டீரியா நோயை அங்கே யாரும் மறக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு, 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2018 மார்ச்சில் பொலோனியை (பதப்படுத்தி விற்கும் கறி உருளை) கடைகளிலிருந்து திரும்ப எடுத்தபோது வீட்டு ஃபிரிட்ஜ்களையும் எல்லாரும் துடைத்துக் காலி செய்தார்கள். அது வேறு கிருமி, வேறு வழி. ஆனால் அன்றைக்கும் கறி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "விருந்துல குழந்தைங்க இருப்பாங்க, மாமி" என்றதும் மாமியார் மறுபேச்சில்லாமல் பாத்திரத்தைத் தானே தூக்கி வந்தார்.

5 கிலோ ஆட்டுக்கறியைக் கொட்டுவது லேசான முடிவு இல்லை. ஆர்டரின் லாபம் முழுவதும் அதில் போனது. எங்கள் கணிப்பில் அந்த வார இறுதியில் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது அதுவே.

அடுத்த ஒன்பது மணி நேரம்: என்ன முடிவு, ஏன்

7 மணிக்கு விருந்து வீட்டாருக்குப் போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். 180 கறிச் சோமாசியும் 60 உருளைக்கிழங்குப் பட்டாணிச் சோமாசியும் தர முடியும் என்றார்கள். சனிக்கிழமை கறி தொடாத பெரியவர்கள் விருந்தில் இருந்ததால் அது அவர்களுக்கும் சம்மதமானது. ஆள் பலத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்தார்கள்.

கறிக்கடை திறந்ததும் 3.75 கிலோ மின்ஸ் வாங்கினார்கள். விருந்துக்கு முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள் என்பதால் முதல் முறை போலவே ஹலால் கடைதான். கறியை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 1.25 கிலோவாக, இரண்டு கேஸ் பர்னரிலும் அக்கா கொண்டுவந்த மின்வாணலியிலுமாக ஏற்றினார்கள். இந்த முறை வெங்காயத்தைத் தனியாகப் பொன்னிறத்துக்கு வதக்கிக் கடைசியில் சேர்த்தார்கள். பாத்திரத்தில் ஆழம் 2 செ.மீ.யைத் தாண்டவில்லை. 35 நிமிடத்தில் வறுபடுகிற சத்தம் வந்தது. கொழுப்பை வடித்து, கிலோ கறிக்கு 2 மேசைக்கரண்டி வறுத்த கடலைமாவு தூவினார்கள். மிச்சமிருக்கும் ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். வெங்காயத்தாளை விட்டுவிட்டார்கள். கொத்தமல்லியைத் துணியில் உதறி உலர்த்தி, பூரணம் ஆறிய பிறகே கலந்தார்கள். பச்சைத் தழையில் சூடும் உப்பும் பட்டால் நீர் விட்டுக்கொண்டே இருக்கும்.

பூரணத்தை அகலத் தட்டுகளில் 2 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, அடியில் ஐஸ் போட்ட தட்டு வைத்து, மேலே மின்விசிறி ஓடவிட்டார்கள். 25 நிமிடத்தில் 30 டிகிரி. பிறகு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம், 8 டிகிரி. இரவு முழுக்க ஆறாத பூரணம் தட்டில் பரவியதும் ஒன்றரை மணியில் ஆறிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாவைத் தூக்கி எறிய மனமில்லை. முட்டையோ பாலோ சேராத மாவு. இரவு கடைசியில் குளிரில்தான் இருந்தது. அதை உருளைக்கிழங்குச் சோமாசிக்கு வைத்துக்கொண்டு, கறிக்குப் புது மாவு பிசைந்தார்கள். ஒரு கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் பிசையவில்லை, தண்ணீரைத் தெளித்துத்தான் சேர்த்தார்கள். தேய்த்த வட்டங்களுக்கு இடையே மாவு தூவி அடுக்கி, பத்துப் பத்தாக ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தார்கள். பழைய மாவும் புது மாவும் ஒரே நாளில், ஒரே எண்ணெயில் பொரிந்ததால், திட்டமிடாமலேயே நல்ல ஒப்பீடு ஒன்று கிடைத்தது.

கை வேலையும் பிரிந்தது. பூரணம் வைப்பது அக்கா மட்டும். அவர் கை ஓரத்தைத் தொடாது. மடித்து மூடுவது மாமியாரும் மருமகளும். அவர்கள் கை பூரணத்தைத் தொடாது. ஓரத்தில் ஒன்றரை செ.மீ. வெறுமையாக விட்டு, தண்ணீரை விரல்நுனி அளவே தொட்டு, பூரணத்தை ஒட்டிய இடத்திலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி, உள்ளே நின்ற காற்றை வெளியேற்றிய பிறகே சோமாசிக் கரண்டியை ஓட்டினார்கள்.

நண்பகல்: மின்வெட்டும் பொரிப்பும்

அன்று 12 முதல் மறுபடி லோட்ஷெடிங். அட்டவணை முந்தைய நாளே தெரிந்திருந்ததால், மின்சாரம் தேவைப்படும் வேலைகளை, அதாவது விசிறி, மின்வாணலி, ஃபிரிட்ஜில் குளிரவைப்பது ஆகியவற்றை, 12-க்கு முன் முடிக்க முடிந்தது. மூடிய சோமாசிகளை ஒரே அடுக்காகத் தட்டுகளில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஒவ்வொரு தட்டையும் எடுக்க மட்டுமே கதவைத் திறந்தார்கள். திறக்காத ஃபிரிட்ஜ் மின்சாரம் இல்லாமல் நான்கு மணி நேரம் வரை குளிரைப் பிடித்து வைக்கும்.

பொரிப்பு 12.45-க்குத் தொடங்கியது. இரண்டு வாணலி, ஒவ்வொன்றிலும் 3 லிட்டர் எண்ணெய், தடவைக்கு 8 சோமாசி மட்டும். 174-இல் போட்டால் 160-க்கு இறங்கி, ஒன்றரை நிமிடத்தில் மீண்டது. ஒரு தடவைக்கு நாலரை நிமிடம், அடுத்த தடவைக்கு முன் சூடு ஏற ஒரு நிமிடம். முதல் ஒரு நிமிடம் ஜல்லிக்கரண்டியால் தொடக் கூடாது. ஓரம் இறுகுவதற்குள் புரட்டினால் வாய் திறக்கும். ஒவ்வொரு ஐந்தாவது தடவையிலும் ஒரு சோமாசியில் குத்திப் பார்த்ததில் நடுவில் 80 டிகிரிக்குக் குறையவில்லை. 75 இருந்தாலே போதுமானது. உதிர்ந்த துகள்களை அவ்வப்போது அரித்து எடுத்தார்கள். அவை கருகினால் கடைசித் தடவைகளில் கசப்பு ஏறும்.

எடுத்தவற்றைக் கம்பித் தட்டில் நிறுத்தி ஆறவிட்டு, தாள் விரித்த அட்டைப்பெட்டியில், மூடியைத் திறந்தபடி அனுப்பினார்கள்.

விளைவு

2.50-க்கு 240-ம் விருந்து வீட்டை அடைந்தன. பிளந்தவற்றுக்கு ஈடுகொடுக்கக் கூடுதலாகக் கொஞ்சம் செய்திருந்தார்கள். புது மாவில் கறி வைத்த 188-இல் பிளந்தவை 6. பழைய மாவில் கிழங்கு வைத்த 70-இல் பிளந்தவை 9. உருளைக்கிழங்குப் பூரணம் கறியைவிட உலர்ந்தது, நியாயமாக அதுதான் குறைவாகப் பிளந்திருக்க வேண்டும். ஆகவே அந்த ஒன்பதுக்கும் பொறுப்பு முந்தைய நாள் மாவே. பழைய மாவில் மேற்பரப்பு முழுக்கச் சிறுகொப்புளங்கள், கடித்தால் நொறுங்காமல் ரப்பர் போல இழுபட்டது. புது மாவு நொறுங்கியது.

திங்கட்கிழமை விசாரித்தபோது விருந்தில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கொட்டியதைப் பரிமாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இது சான்று ஆகாது.

பணக் கணக்கில் அந்த ஆர்டர் நஷ்டம். வாரம் கழித்து அதே வீட்டார் சொல்லி இரண்டு புது ஆர்டர்கள் வந்தன.

இனி மாற்றியவை

ஒரு நாளைக்கு 120-க்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். சமையலறையின் இரண்டு பர்னரும் ஒரு ஃபிரிட்ஜும் தாங்கும் அளவு அது. அளவு நோட்டில் "24-க்கு" என்ற பக்கத்துக்கு எதிரே புதிய பக்கம் எழுதியிருக்கிறார்கள். அதில் கறியின் கிலோ கணக்கோடு பாத்திரத்தின் அகலமும் இருக்கிறது: 30 செ.மீ. பாத்திரத்துக்கு 1.25 கிலோ மின்ஸ், அதற்கு மேல் இன்னொரு பாத்திரம். வேகவைத்த பூரணத்தை ஒவ்வொரு முறையும் நிறுக்கிறார்கள். வெங்காயத்தோடு சேர்த்து ஏற்றிய எடை 700 கிராம் என்றால் 440-ஐ ஒட்டி வரும்வரை இறக்குவதில்லை. கண்ணைவிடத் தராசு இதில் நம்பகமானது.

அடுப்பை அணைத்த கால்மணிக்குள் பூரணம் தட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது மாமியாரே வைத்த விதி.

காசு வாங்கி உணவு செய்து கொடுப்பவர்கள் வீட்டில் செய்தாலும் நகராட்சியின் சுகாதாரப் பிரிவிடம் ஏற்புச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 2018 ஜூனில் வந்த ஆர்638 விதிமுறை சொல்கிறது. அதற்கும் விண்ணப்பித்தார்கள். ஆய்வாளர்கள் கேட்கிற கைகழுவும் இடம், பச்சைக் கறிக்கும் வெந்ததற்கும் தனித்தனிப் பலகை, வெப்பநிலைப் பதிவு ஆகியவற்றில் கடைசியது மட்டும் ஏற்கெனவே மருமகளின் நோட்டில் இருந்தது.

பெரிய ஆர்டருக்கு இப்போது அவர்கள் செய்வது முன்கூட்டியே மூடி உறையவைப்பது. பொரிக்காத சோமாசிகளைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து ஃப்ரீசரில் கல்லாக்கி, பிறகு பைகளில் போடுகிறார்கள். பொரிக்கும்போது பனி விடுவிப்பதில்லை. விட்டால் அடிப்பக்கம் ஈரமாகிப் பிளக்கும். உறைந்தபடியே 160 டிகிரியில், தடவைக்கு 5 மட்டும், ஏழு எட்டு நிமிடம். 174-இல் போட்டால் மேலே சிவந்துவிடும், உள்ளே ஐஸ் இருக்கும்.

மின்வெட்டு நேரத்தில் ஃப்ரீசரை எப்படி நம்புவது என்பதற்கு அக்கா ஒரு வழி சொன்னார். ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரேண்ட் காசை வைத்து, சோமாசிப் பைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். காசு மேலேயே இருந்தால் பை பொரிக்கப் போகும். பனிக்குள் இறங்கியிருந்தால், வீட்டில் யாரும் இல்லாத ஏதோ ஒரு நேரத்தில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பை குப்பைக்குப் போகும்.